சொத்தை

லெம்ஸ்டர் தாண்டி ஆறு மைல்.
மழை விட்டும் சொட்டு விடாத ஒரு தகரக் கொட்டகை.
"மரமெல்லாம் கல்லு மாதிரி" என்றார் ப்ராஸர்.
அந்த முகம் எனக்குத் தெரியும்.
தினம் இரண்டு வேளை துலக்குகிறேன் என்று சொல்லிவிட்டு
வாயைத் திறப்பவர்களின் முகம்.

தார்ப்பாயை இழுத்தார்.
மோரிஸ் மைனர் டிராவலர், அறுபத்தேழாம் வருடத்தது.
முன்பாதி கார். பின்பாதி
யாரோ அவசரத்தில் ஒட்டவைத்த புத்தக அலமாரி,
இரட்டைக் கதவோடு.
ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில் பாசி,
பாசிக்குள் தொப்பி போட்ட மூன்று காளான்.
பச்சை நிறம் என்று விளம்பரத்தில் இருந்தது.
பெயின்ட்டைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இதற்கு ஆயிரத்து எண்ணூற்றைம்பது பவுண்ட்.
கோட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து
பின்சக்கரத்து வளைவில் மெல்லத் தட்டினேன்.
டக், டக்,
டக்,
பிறகு ஒலியே இல்லாத ஓர் இடம்.
அழுத்தினேன்.
பிடிவரை போயிற்று,
தேநீரில் ஊறின ரஸ்க்கில் போவதுபோல.

ப்ராஸர் கூரையைப் பார்த்தார்.
"அந்த ஓரத்தில் மட்டும்" என்றார்.
அதையும் கேட்டிருக்கிறேன்.

பதினான்கு வருடமாய் மற்றவர் வாய்க்குள்
நாலு மில்லிமீட்டர் அகலத்தில் குடியிருக்கிறேன்.
இருபது நிமிடத்துக்கு ஒரு வாய்.
அடைத்த பள்ளத்தை நின்று பார்க்க முடிவதில்லை,
அது எழுந்து, கோட்டு மாட்டி,
கோணிய உதட்டால் நன்றி சொல்லி
பஸ் பிடிக்கப் போய்விடும்.
எச்சில் இல்லாமல், கடிகாரம் இல்லாமல்,
வேர்வரை தோண்டி
ஒன்று, ஒரே ஒன்று,
முழுசாய் முடிந்து என் கண்ணெதிரே நிற்கவேண்டும்.
இதை வாகீசனிடம் சொல்லவில்லை.
பின்னால் சாமான் வைக்க நிறைய இடம் என்றுதான் சொன்னேன்.

மல்லாந்து படுத்து அடியில் டார்ச் அடித்தேன்.
ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் யாரோ
பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டி வைத்து
மேலே தார் பூசியிருந்தார்கள்.
"உங்களுக்கு இதை யார் செய்தது?"
கேட்டுவிட்டேன். தொழில் பழக்கம்.

ஆனால் முன்னால் கம்பியைச் செருகிச் சுழற்றியதும்
நாலாம் சுற்றில் இஞ்சின் ஒரு தடவை இருமியது.
நீலப் புகை. புளித்த பெட்ரோல் நெடி.
கோழிகள் சிதறின.
என்னைவிட ப்ராஸருக்குத்தான் ஆச்சரியம்.
அப்புறம் அவராகவே பேசினார்:
போன வாரம் ஒருத்தன் வந்தானாம்,
பின்பாதியை மட்டும் அறுத்துக் கொடு,
என் பப்பில் பீர் கவுன்டர் ஆக்குகிறேன்,
ஆயிரத்து அறுநூறு என்றானாம்.
"ஏன் கொடுக்கல?"
"ரம்பம் கிடைக்கல" என்றார்.
ரம்பம் அவர் தலைக்கு மேலேயே தொங்கியது,
எண்ணெய் போட்டு, பல் பளபளக்க.

ஆயிரத்து முந்நூறுக்கு முடிந்தது.
எண்ணாமலே சட்டைக்குள் செருகினார்.
காளானைப் பிடுங்கவா என்று கேட்டார்.
வேண்டாம், அதுவும் சேர்த்துத்தானே விலை.

டிரெய்லரில் ஏற்றி ஏ நாற்பத்தொன்பதில் வருகையில்
கண்ணாடிக்குள் அது தலையாட்டிக்கொண்டே வந்தது,
நான் சொல்வது எல்லாவற்றுக்கும் சம்மதம் என்பதுபோல.
மனசுக்குள் தமிழில் ஒரு வரி எழுதிப் பார்த்தேன்:
சொத்தை வாங்கியிருக்கிறேன்.
எப்படிப் படித்தாலும் சரியாகத்தான் வருகிறது.

வாகீசன் குடையோடு ஒரு சுற்று வந்தான்.
காளானைத் தொட்டான். கதவைத் தொட்டான்.
கைப்பிடி அவன் கையோடு வந்தது.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு,
தூக்கிப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு,
எத்தனை நாளாகும் என்றான்.

கராஜ் விளக்கைத் தாழ இழுத்து
பின்கதவு இரண்டையும் அகலத் திறந்தேன்.
"கொஞ்சம் கூசும்" என்றேன்.